தொண்ணூற்றோராம் சங்கீதத்தின் ஓரத்தில்

வெள்ளவத்தையில் என்னைப் பக்தியுள்ள பெண் என்று ஏழெட்டுப் பேராவது நம்பிக்கொண்டிருந்தார்கள். அதில் என் குற்றம் ஒன்றுமில்லை. ஒரு நாளைக்கு முப்பது தரம் வேதப்புத்தக உறையின் சிப்பை இழுத்துத் திறந்து பார்க்கிற ஒருத்தியை வேறு என்னவென்று நினைப்பார்கள்? வீட்டுக்கார நவரத்தினம் அண்ணர் நெற்றி நிறையத் திருநீறு பூசுகிற மனிதர். அவரே தன் மனைவியிடம், "மேல்வீட்டு ஜெயமலரைப் பாரும். எங்களுக்கும் அப்பிடி ஒரு பக்தி வரவேணும்" என்று சொன்னதைப் படியிறங்கும்போது கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டுப் பேசாமல் போய்விட்டேன். தன்னைப் புகழ்கிறவரை யார்தான் மறித்துத் திருத்துவார்கள்?

உண்மை வேறு. அது 1998ஆம் ஆண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து கொழும்புக்கு வந்த என் தம்பி றெஜி, கனடாவுக்கு விண்ணப்பித்துவிட்டு என்னோடு தங்கியிருந்தான். முப்பத்தாறு வயது. வந்த முதல் கிழமையே சுற்றிவளைப்பில் பொலிஸார் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டு நாள் கழித்து விட்டார்கள். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவன் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருப்பான், சாப்பிடமாட்டான். அலைந்து திரிந்து, கொழும்பில் தங்க அவனுக்குப் பொலிஸ் பதிவு எடுத்தேன். பெயர், விலாசம், முத்திரை எல்லாம் உள்ள ஒரேயொரு கடதாசி. அது இருந்தால் அவன் வீட்டில் இருப்பான். இல்லாவிட்டால் ஜீப்பில் இருப்பான்.

அதை எங்கே வைப்பது? அலுமாரியில் வைத்தால் அவசரத்தில் சாவி தேட வேண்டும். கைப்பையை நான் அடிக்கடி மாற்றுகிறவள். வேதப்புத்தகம் எப்போதும் மேசையில் இருக்கும், கோவிலுக்கும் கூடவே வரும். ஆகவே தொண்ணூற்றோராம் சங்கீதத்துக்குள் வைத்தேன். கர்த்தர் காப்பாற்றுவார் என்று சொல்கிற சங்கீதம் அல்லவா? நல்ல பொருத்தம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்று தொடங்கியது. எழும்பியதும் சிப்பைத் திறப்பேன், கடதாசி இருக்கும், மூடுவேன். தெருவில் வாகனம் நின்றால் திறப்பேன். இரவு ஜெபத்துக்கு முழங்காலில் நின்றால் முதலில் திறப்பேன், கடதாசி இருக்கும், ஆமென். நாலு மாதமாக ஒரு வசனம் படிக்கவில்லை. படிக்கவில்லை என்பதுகூட எனக்குத் தெரியாது. புத்தகத்தைத்தான் தினமும் திறக்கிறேனே!

ஏப்ரல் மாதக் கடைசி ஞாயிறு, கோவிலில் திருவிருந்து எடுத்துவிட்டு வந்து இருந்தபோது வரிசை மாறிவிட்டது. பக்கத்தில் வாங்கில் கிடந்த கறுப்பு வேதப்புத்தகத்தை என்னுடையது என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வெளியே மழை. ஒரே குடைக்குள் றெஜியும் நானும் ஒட்டிக்கொண்டு வந்ததால் வழியில் திறந்து பார்க்கவும் இல்லை. வீட்டுக்கு வந்து ஈரக் கையோடு சிப்பை இழுத்தேன். தொண்ணூற்றோராம் சங்கீதத்தில் கடதாசி இல்லை. பக்கத்தின் ஓரம் முழுக்கப் பென்சில் எழுத்து. அதே உறை, அதே சிப், ஆனால் புத்தகம் வேறு யாருடையதோ.

சொல்லி வைத்ததுபோல நவரத்தினம் அண்ணர் மேலே வந்தார். "பக்கத்து ஒழுங்கையிலை செக்கிங் நடக்குதாம். பின்னேரம் இஞ்சாலையும் வருவாங்கள். தம்பியின்ர பொலிஸ் துண்டை எடுத்து வையும், பிள்ளை."

நடந்ததைச் சொன்னேன். அவருக்கு முகம் செத்துப்போனது.

"நான் என்ன செய்ய? பதிவு காட்டாமல் ஆளை வைச்சிருந்தால் என்னையும் சேர்த்து ஏத்துவாங்கள். அஞ்சு மணிக்குள்ளை எடுத்தால் சரி. இல்லாட்டி தம்பியை வேறை எங்கையும் விடும்."

கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். போதகருக்குப் போன் பண்ணினேன். அடுத்த ஆராதனைக்குத் தெஹிவளைக்குப் போய்விட்டாராம். என் கையில் இருந்தது அந்தப் புத்தகம் மட்டும். முதல் பக்கத்தில் பெயர் இல்லை. ஆகவே உள்ளே தேடினேன்.

சங்கீதங்களின் ஓரத்தில் திகதிகள். "மார்ச் 3, பால்மா." "மார்ச் 5, சுப்பவைசரின் வாய்." "மார்ச் 9, குழாயில் தண்ணி இல்லை." "மார்ச் 11, சின்னம்மாவின் பச்சைச் சீலை." கடைக்குப் போகிற பட்டியல் என்று முதலில் நினைத்தேன். பால்மா வாங்கலாம், சுப்பவைசரின் வாயை எந்தக் கடையில் வாங்குவது? ஒவ்வொரு திகதிக்கும் பக்கத்தில் ஏதோ ஒரு சொல்லின் கீழே சின்னக் கோடு. இரண்டு மூன்று வசனம் தள்ளி ஒரு சின்ன வட்டம். சில இடத்தில் வட்டம் அடுத்த பக்கத்தில்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பின்னட்டைக்குள் பார்த்தபோது ஒரு மூலையில் எழுதியிருந்தது: "கோடு, மனம் எழும்பிப் போன இடம். வட்டம், திரும்பி வந்த இடம்."

யாரப்பா இவள்? சங்கீதம் படிக்கும்போது மனம் எந்தச் சொல்லில் எழும்பிப் போனது, எங்கே போனது, எந்த வசனத்தில் திரும்பி வந்தது என்று ஒருத்தி கணக்கெடுத்து வைத்திருக்கிறாள்! பச்சைச் சீலைக்குப் போன மனம் ஐந்து வசனத்தில் வந்துவிட்டது. சுப்பவைசரின் வாயிலிருந்து மீள ஒரு முழுச் சங்கீதம் எடுத்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு "ஏப்ரல் 2, அவன் குரல்." அதற்கு வட்டமே இல்லை. அடுத்த நாள் அதே சங்கீதம், "ஏப்ரல் 3, அவன் குரல்." அன்றும் வட்டம் இல்லை. அவன் என்றால் யார்? புருஷனா? நான் விரலை வைத்து வசனம் வசனமாகத் தேடிக்கொண்டு போனேன்.

"அக்கா, ஏதும் கிடைச்சுதோ?" றெஜி கதவடியில் நின்றான்.

"பொறடா, இவளுக்கு ஏப்ரல் நாலாந் திகதி என்ன நடந்தது எண்டு பாக்கிறன்."

"அக்கா!"

அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. கால் மணித்தியாலமாக எனக்குக் கடதாசி நினைவில்லை. அதைவிட ஆச்சரியம், அவளுடைய கோட்டையும் வட்டத்தையும் துரத்திக்கொண்டு நாலு சங்கீதங்களைச் சொல்லுக்குச் சொல் படித்து முடித்திருந்தேன்.

புலம்பல் ஆகமத்துக்குள் ஒரு கடித உறை இருந்தது. மாக்ரெட் என்ற பெயர், கொட்டாஞ்சேனை விலாசம். பின்பக்கத்தில் அனுப்பியவர் ஊர் மல்லாவி என்று இருந்தது; புலிகளின் கையில் இருந்த பகுதி. வன்னிக் கடிதம். அதை மட்டும் நான் பிரிக்கவில்லை. அவ்வளவு மானம் எனக்கு மிச்சமிருந்தது.

றெஜியை வீட்டில் விட்டுவிட்டுப் பஸ் ஏறினேன். பம்பலப்பிட்டிச் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். என் அடையாள அட்டையைப் பார்த்த ஆமிக்காரன் புத்தகத்தை வாங்கிச் சிப்பைத் திறந்தான். வன்னிக் கடிதம் உள்ளே இருக்கிறது.  அவன் தாள்களைப் புரட்டி, திகதிகளில் வந்து நின்றான்.

"மே மொனவாத லியலா?" என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான்.

திகதியும் தமிழும் பென்சிலும் சேர்ந்தால் அந்தக் காலத்தில் என்ன அர்த்தமும் வரும். பொய் சொல்ல எனக்குச் சிங்களம் போதாது. உண்மையைத்தான் சொன்னேன். "யாச்ஞா கரகொட்ட ஹித யன தென், மாத்தயா." ஜெபிக்கும்போது மனம் போகிற இடங்கள்.

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "மார்ச் 3" என்ற இடத்தைத் தொட்டு, இது எங்கே என்று கேட்டான். பால்மா என்றேன். அதற்கடுத்ததைத் தொட்டான். வேலை செய்கிற இடத்துப் பெரியவரின் வாய் என்றேன். அவன் சிரித்துவிட்டான். தன் மனம் போகிற இடங்களை எழுதினால் இந்தப் புத்தகம் போதாது என்று சிங்களத்தில் சொல்லி, புத்தகத்தை மூடித் தந்தான். அவனுடைய மனம் எங்கே போகும் என்று எனக்கு ஒரு கணம் கேட்க ஆசையாக இருந்தது. நல்லவேளை கேட்கவில்லை.

கொட்டாஞ்சேனையில் விலாசத்தைக் கண்டுபிடித்தபோது, ஒரு ஒழுங்கை வாசலில் ஐம்பது வயது மதிக்கத்தக்க மெலிந்த பெண் குடையும் கையுமாக நின்றாள். நெஞ்சோடு அணைத்திருந்தது என் புத்தகம்.

"ஐயோ, நீங்களோ! துண்டிலை விலாசம் கிடந்தது. இப்பதான் வெளிக்கிட்டனான்" என்றாள். "ஒண்டுவிட்ட தங்கச்சி கூட்டிக்கொண்டு வந்ததாலைதான் உங்கட கோவிலுக்கு வந்தனான். வீட்டை வந்து திறந்து பாத்தால் பொலிஸ் துண்டு.  அந்தத் தம்பி றெஜினோல்டுக்காக ஜெபிச்சுக்கொண்டுதான் சேலை மாத்தினனான்."

கடதாசியை எடுத்து என் கையில் வைத்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு இருவரும் புத்தகங்களை மாற்றிக்கொண்டோம். அவள் தயங்கினாள்.

"நீங்கள் என்ர எழுத்தை வாசிச்சனீங்களோ?"

"ஓம் அக்கா. பேர் தேடித்தான் திறந்தனான். பிறகு விடேலாமல் போச்சு. மன்னியுங்கோ." கேட்கக்கூடாது என்று தெரிந்தும் கேட்டேன். "அவன் குரல் எண்டு எழுதியிருக்கிறியள்..."

"என்ர மகன். மல்லாவியிலை தகப்பனோடை நிண்டவன். கடிதம் வந்து ஒன்றரை வருஷம்." சாதாரணமாகச் சொன்னாள். "அந்தப் பக்கம் போனால் மனம் லேசிலை வராது. வராட்டி அடுத்த நாள் அதே இடத்திலையிருந்து தொடங்குவன். வேறை என்ன செய்யிறது?"

ஏப்ரல் நாலாந் திகதி என்ன நடந்தது என்பது அப்போது எனக்கு விளங்கியது. அவள் திரும்பவும் தொடங்கியிருக்கிறாள், அவ்வளவுதான்.

"எனக்கு வெக்கமாக் கிடக்கு" என்றாள். "என்ர புத்தகத்தைப் பாருங்கோ, பள்ளிக்கூடப் பிள்ளையின்ர கொப்பி மாதிரி. உங்கட புத்தகம் எவ்வளவு வடிவு. அதிலையும் அந்தத் தொண்ணூற்றோராம் சங்கீதம்! விரல் பட்டுப் பட்டு அந்தப் பக்கம் மட்டும் கறுத்து, எழுத்தே மங்கிப்போச்சு. இந்தப் பிள்ளை எத்தனை ஆயிரம் தரம் இதைப் படிச்சிருக்கும், ஒருக்காலும் மனம் சிதறாதாக்கும் எண்டு நினைச்சன்."

நவரத்தினம் அண்ணரிடம் பேசாமல் போன என் வாய் இவளிடம் நிற்கவில்லை.

"நான் அதைப் படிக்கேல்லை, அக்கா. நாலு மாதமாய்க் கடதாசியைத்தான் பாத்தனான். என்ர புத்தகத்திலை நீங்கள் ஓரத்திலை எழுதுறதெண்டால் ஒரே ஒரு கோடுதான் போடவேணும். வட்டம் எங்கையும் வராது."

அவள் தன் புத்தகத்தின் சிப் பக்கத்தில் செருகியிருந்த, விரல் நீளத்துக்குத் தேய்ந்த பென்சிலை எடுத்து என்னிடம் நீட்டினாள். "என்னட்டை இன்னொண்டு கிடக்கு" என்றாள்.

நாலரைக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். கடதாசியை றெஜியின் சட்டைப் பையிலேயே வைத்துப் பொத்தானைப் பூட்டினேன். "இனி இது உன்ர பொறுப்பு" என்றேன். பிறகு மேசையடியில் உட்கார்ந்து என் புத்தகத்தைத் திறந்தேன். மாக்ரெட் சொன்னது உண்மைதான். அந்தப் பக்கத்தின் நடுவில் கடதாசி கிடந்த அடையாளம் நாற்சதுரமாகத் தெரிந்தது, ஓரம் முழுக்க என் விரல் அழுக்கு. படிக்கத் தொடங்கினேன். எழுத்து மங்கிய இடங்களில் கண்ணைக் கிட்டக் கொண்டுபோய்ப் படித்தேன். இரவில் உண்டாகும் பயங்கரம் என்று வருகிற ஐந்தாம் வசனத்தில் இருந்தபோது கீழே சப்பாத்துச் சத்தம் கேட்டது. கதவைத் தட்டினார்கள்.

மூன்று பேர். கட்டிலுக்குக் கீழே பார்த்தார்கள், அரிசி வாளியைத் திறந்தார்கள், றெஜியை மேலும் கீழும் பார்த்தார்கள். அவன் பொத்தானைக் கழற்றிக் கடதாசியைக் கொடுத்தான்.   முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கீழே நவரத்தினம் அண்ணர் "முருகா" என்று பெருமூச்சு விட்டது மேலே கேட்டது.

"தேத்தண்ணி ஊத்தட்டோ அக்கா?" என்றான் றெஜி.

"ஊத்து. இதை முடிச்சிட்டு வாறன்."

மேசைக்குத் திரும்பி வந்து, ஐந்தாம் வசனத்தில் ஒரு சொல்லின் கீழே கோடு போட்டேன். ஓரத்தில் திகதியும், "கதவு" என்றும் எழுதினேன். மிச்சத்தைப் படித்தேன். மனம் கதவடியில்தான் நின்றது, பிறகு றெஜியின் சட்டைப் பைக்குப் போனது, அங்கிருந்து மல்லாவிக்குப் போனது. பதினான்காம் வசனத்தில் வந்து சேர்ந்தது. நான் அங்கே ஒரு வட்டம் போட்டேன்.