கல்லாற்றுக் குச்சி வைரஸ்

தொண்ணூற்றெட்டில் அந்த ஒரு நாள் மட்டும் டாக்டர் ராஜமணி விஞ்ஞானியாக நடக்கவில்லை. மாப்பிள்ளை அழைப்புக்குக் கிளம்பியவராக நடந்தார். ஒரு வைரஸுக்குப் பெயர் வைக்கும் பாக்கியம் எத்தனை பேருக்கு வாய்க்கும்? எலுமிச்சையைக் கெடுப்பதில் பேர்போன வைரஸ் நூல்போல நெளியும். கல்லாற்றில் மாடம்மாளின் தோட்டத்து இலையிலிருந்து இவர் எடுத்ததோ, எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் விறைத்த குச்சியாக நின்றது. புதிய இனம்! அது பரவாமலிருக்க மாடம்மாளின் மரங்களை அடியோடு வெட்டி எரிக்கவும் உத்தரவு வாங்கிவிட்டார். பத்திரிகையாளர் கூட்டம் முடிந்து அவர் ஒரு போன் போட்டால் போதும், கல்லாற்றில் காத்திருக்கும் ஆட்கள் கோடாலியை எடுப்பார்கள்.

பத்திரிகைக்காரர்கள் உட்காரும்போது ஆராய்ச்சி மாணவி ஜெயஷீலா மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"சார், பெங்களூர்லேர்ந்து ஜீன் ரிசல்ட் வந்நிருக்கு. நம்ம வைரஸ் புதுசொண்ணும் இல்ல. புகையிலைல வாற வைரஸ் சார்! எழுத்துக்கு எழுத்து அதேதான்."

ராஜமணியின் கை தன்னால் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

"எலுமிச்சைக்குள்ள புகையிலை எங்ஙனெ சார் வந்நது?"

"மூச்சு விடாதே. பேப்பர்காரா போனப்பறம் பேசிக்கலாம்."

முன்வரிசையில் பட்டுப்புடவையில் அவர் மனைவி வாலாம்பாள். கடைசி வரிசையில், வெளுத்த இலைக்கொத்தோடு மாடம்மாள். ராஜமணி பேசினார், பேசினார். கொட்டாவி விட்ட ஒரு நிருபர், புது வைரஸ் என்று எப்படி நிரூபித்தீர்கள் என்று ஜெயஷீலாவைக் கேட்டார்.

பொய் சொல்ல வராத அவள், செய்முறையை மட்டும் சொன்னாள். "இலைச் சாறெ சோதனைச் செடியில தேய்ச்சு, அதுல வளந்த வைரஸெத்தான் எடுத்தோம். தேய்க்கதுக்கு மின்ன சார் பொடி போட்டாரு. எப்பவும் சாரேதான் பொடி போடுவாரு. எங்கள விடமாட்டாரு."

சாறு உள்ளே இறங்க, இலையில் நுண்ணிய கீறல் விழத் தூவும் உரசுபொடி அது. வாலாம்பாளுக்கு லேப் தெரியாது, பொடி தெரியும். மூக்குப்பொடியை விட்டுவிட்டதாகப் புருஷனைப் பழவங்காடிப் பிள்ளையார் முன்னால் தேங்காய் உடைக்க வைத்தவள்.

"பொடி போட்டேளா?" என்று எழுந்தாள். "பிள்ளையாருக்குத் தேங்காய் ஒடைச்சுட்டு?"

"அம்மா, அது வேற பொடி..." என்று ஜெயஷீலா தொடங்குவதற்குள் மைக்கில் ராஜமணியின் குரல் அலறியது.

"ஒரே ஒரு சிட்டிகைடீ! லேப்ல மட்டும்தான்!"

பேனாக்கள் நின்றன. ஜெயஷீலா அவர் விரல்களைப் பார்த்தாள். "அப்போ புகையிலை... சார் விரல்லேர்ந்நா?"

மாடம்மாள் முன்னால் வந்தாள். "அப்ப சீக்கு எம் மரத்துக்கு இல்லியா? ஐயாவுக்குத்தானா?"

"இலை வெளுத்தது துத்தநாகச் சத்துக் கொறவாட்டு இருக்கும் அக்கா. நான் வந்து நோக்குதேன். வெட்டண்டாம்," என்றாள் ஜெயஷீலா.

"அதை அங்க சொல்லுங்கய்யா," என்று போனைக் காட்டினாள் மாடம்மாள்.

ராஜமணி எடுத்தார். "சில டெக்னிக்கல் காரணங்களால..." என்று கல்லாற்றுக்குச் சொன்னார். அவர் பேசி முடிக்கும்வரை வாலாம்பாள் பக்கத்தில் பொறுமையாக நின்றாள். பிறகு கையை நீட்டினாள்.

"டப்பா."