ஓலையில் நைனா பெயர்

கோலாலம்பூர் எப்படிப் பிறந்தது என்று கேட்டால் தூக்கத்திலும் ஒப்பிப்பேன். நான் எப்படிப் பிறந்தேன் என்றுதான் அம்மா ஒரு நாளும் சொன்னதில்லை.

இரண்டு ஆறு கூடும் இடத்தில் வெறும் சேறு. ஈயம் தோண்டச் சீனர்கள் படகில் வந்து இறங்கினார்கள். காய்ச்சலில் முக்கால்வாசிப் பேர் போய்ச் சேர, மிச்சம் இருந்தவர்கள் குடிசை போட்டுக் கடை வைத்தார்கள். ஊர் தீப்பிடித்தது. அதே வருஷம் வெள்ளத்திலும் போனது. இனிமேல் செங்கல்லில்தான் கட்ட வேண்டும் என்று வெள்ளைக்காரன் உத்தரவு போட்டான். பிறகு ரயில் வந்தது, ரயிலோடு தமிழர்கள் வந்தார்கள், அவர்களோடு என் அப்பா அம்புரோஸ் வந்தார். அம்மா சிலுவையம்மாள் சொல்லும் சரித்திரத்தில் அந்த ஊர் உண்டானதே அப்பாவுக்கு வேலை கொடுக்கத்தான்.

அப்பா அங்கே செந்தூல் ரயில் பட்டறையில் ஃபிட்டர். நான் பிறந்ததும் அங்கேதான். நாற்பத்தொன்றில், யுத்தம் அந்தப் பக்கம் வரும் போல இருக்கிறது என்று அம்மாவையும் மூன்று வயசு ஃப்ளோராவையும், அதாவது என்னையும், மதராசுக்குக் கப்பல் ஏற்றிவிட்டார். ஈஸ்டருக்கு வந்துவிடுவேன் என்றாராம். ஈஸ்டருக்குள் ஜப்பான்காரன் வந்துவிட்டான். சயாமில் ரயில்பாதை போட அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனதாக, திரும்பி வந்த ஒருவர் சொன்னார். வண்டியில் ஏறியதைப் பார்த்தவர் உண்டு, செத்ததைப் பார்த்தவர் இல்லை. அம்மாவுக்கு அது போதும்.

"எரிஞ்ச ஊரே எழுந்து நிக்குது, எம் புருஷன் மட்டும் பூடுவாரா?" என்பாள். எனக்கு அந்த ஊர்மேல் எரிச்சல் எரிச்சலாக வரும். அம்மாவுக்கு அதுதான் செல்லப் பிள்ளை, எனக்கு மிச்சம் மீதி.

ஐம்பத்தேழு ஆகஸ்டு கடைசியில் மலாயாவுக்குச் சுதந்திரம் வந்தது. கோலாலம்பூர் ஒரு தனி நாட்டுக்கே தலைநகரம் ஆகிவிட்டது. மணிக்கூண்டுக் கட்டடத்தின் முன்னால் ஜனங்கள் கூடி நிற்கிற படம் பேப்பரில் வந்தது. திருவொற்றியூர் தீப்பெட்டிக் கம்பெனியிலிருந்து வந்த அம்மா, கையைக்கூடக் கழுவாமல் கடுகு கடுகாக இருந்த தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இந்தாண்ட நிக்கிறது உங்க நைனா ஜாடையா கீது பாரேன்."

"எம்மா, அது போலீஸ்காரன்மா."

அந்த மாதம்தான் எனக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை இக்னேஷியஸ், பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வெல்டர். எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள் என்று. பெற்றவர் செத்திருந்தால் பெயருக்கு முன்னால் 'மரித்த' என்று ஒரு வார்த்தை சேரும். அம்மா சாமியாரிடம் வெறுமனே அம்புரோஸ் என்று சொல்லியிருந்தாள். முதல் ஞாயிறு அவரும் அப்படியே வாசித்தார்.

பூசை முடிந்த கையோடு மாப்பிள்ளையின் அம்மா காணிக்கையம்மாள் எங்கள் வீட்டில் நின்றாள்.

"இன்னாம்மே, உம் புருஷன் உசுரோட கீறாரா?"

"கீறாரு," என்றாள் அம்மா.

"கீறாருன்னா பொண்ணு கல்யாணத்துக்கு வரச் சொல்லு. வரலைன்னா ஊரு இன்னா பேசும்? அங்கியே ஒருத்தியோட குடும்பம் நடத்திகினு கீறாருன்னுதான் பேசும். ஓடிப்போனவன் வூட்டுப் பொண்ணு எங்களுக்கு வாணாம். ஒண்ணு செத்துட்டாருன்னு வாசிக்கச் சொல்லு, இல்லாங்காட்டி ஓலைய நிறுத்திடு."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்கு இக்னேஷியஸ் வேண்டும், வெட்கமில்லாமல் சொல்கிறேன். முகமே நினைவில்லாத அப்பாவுக்காக அவரை விட எனக்கு மனசில்லை.

சனிக்கிழமை அம்மா தனியாகச் சாமியாரைப் பார்க்கப் போய்விட்டு வந்தாள். மறுநாள் பூசையில் சாமியார் வாசித்தார்: "மரித்த அம்புரோஸ், சிலுவையம்மாள், இவர்களின் மகள் ஃப்ளோரா."

முன்வரிசையில் காணிக்கையம்மாள் நிம்மதியாகச் சிலுவை போட்டுக்கொண்டாள். எனக்கும் நிம்மதியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இருக்கவில்லை. அதுவரை எங்கேயோ ஓர் ஊரில் எனக்கு ஓர் அப்பா இருந்தார். அவர்மேல் எரிச்சல் படவாவது அவர் இருந்தார். வெளியே வந்ததும் பெண்கள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அம்மா அழவில்லை. வீட்டுக்கு வந்து தாலியைக் கழற்றித் தகரப் பெட்டியில் வைத்தாள்.

என்னால் தாங்க முடியவில்லை. "எம்மா, நான் சாமியாராண்ட போயி அந்த வார்த்தைய எடுக்கச் சொல்றேன். கல்யாணம் நின்னா நிக்கட்டும்."

"வாணாண்டி."

"நைனா கீறாருன்னு நீதானேம்மா சொல்லுவே?"

அம்மா பெட்டியை மூடிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தாள்.

"ஹார்பர்ல கப்பல் சங்கு ஊதினா பதினாறு வருசமா திடுக்குனு எந்திரிச்சு குந்திப்பேன். நேத்து சாமியாராண்ட சொல்லிட்டு வந்து படுத்தேன். சங்கு ஊதிச்சாம், பக்கத்து வூட்டுல சொன்னாங்க. எனக்குக் கேக்கவே இல்ல, அப்படித் தூங்கிகீறேன். நீ அவரை மறுபடியும் எழுப்பி வுட்டேன்னா நான் மறுபடியும் காத்துகினு இருக்கணும் ஃப்ளோரா. எனக்குத் தெம்பு இல்லடி."

நான் போகவில்லை. மூன்றாவது ஞாயிறும் அந்த வார்த்தையோடுதான் வாசித்தார்கள்.

கல்யாணத்தன்று அப்பாவுக்குப் பதிலாகத் தாய்மாமாதான் என் கையைப் பிடித்துப் பீடம் வரை கூட்டிப்போனார். விதவை முன்னால் நிற்கக் கூடாது என்று காணிக்கையம்மாள் சொல்லிவிட்டதால், அம்மா வெள்ளைப் புடவையில் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் வாசல் பக்கம் பார்க்கவே இல்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாமியார் தாலியை மந்திரித்து இக்னேஷியஸ் கையில் கொடுத்தார். அவர் கட்டுவதற்குக் கையைத் தூக்கியபோது நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.

"யாரப் பாக்குற?" என்று காதோரம் கேட்டார் இக்னேஷியஸ்.

"எங்க நைனா வந்துகினு கீறாரான்னு," என்றேன்.