ஒத்திகையில் இல்லாத பதில்

"உங்க ஒத்திகைல ஒரு தடவையாவது அவகிட்ட முடியாதுன்னு சொன்னீங்களா?"

"எப்படிம்மா சொல்றது? அந்த மூஞ்சியைப் பார்த்தா எனக்கு வாய் வருமா?"

காலையில் நானும் என் கணவரும் பேசிக்கொண்டது. பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு அதுவே காதில் ஓடிக்கொண்டிருந்தது.

மகளுக்கு அவர் வைத்த பட்டப்பெயர் ரேடியோ. வீட்டில் வாய் ஓயாது. வாசலைத் தாண்டினால் கரண்ட் போய்விடும். பள்ளியில் தோழி என்று ஒருத்திகூட இல்லை. அதனால்தான் கொஞ்ச நாளாகக் கூடத்தில் ஒத்திகை. ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அவள் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையாக நடிக்கும் அப்பா, மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்பதுபோல, "வாங்க, வாங்க!" என்று குழைவார்.

எதிரே இரண்டு சிறுமிகள் கயிறு சுழற்ற, மூன்றாமவள் குதித்துக்கொண்டிருந்தாள். ரேடியோ அவர்கள் பக்கத்தில் போய் நின்றாள். வாயைத் திறப்பதற்குள் குதிப்பவள் கத்தினாள்:

"ஏய், தள்ளிப் போ! இங்க ஆள் வேண்டாம்."

பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க ரத்தம் எடுப்பவள் நான். பச்சைக் குழந்தைக்கு ஊசி குத்தும்போதுகூடப் பதறாதவள், இப்போது ஓடத் தயாராகக் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். போன முறை நானே ஓடிப்போய் அவளுக்காகப் பேசினேன். "உனக்காக உங்கம்மாதான் பேசணுமா? நீ என்ன பொம்மையா?" என்று பிள்ளைகள் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவளை வெளியே கூட்டி வருவதே பெரும்பாடு. இன்றும் அப்படி நடந்தால் இனி வாசல்படியைக்கூடத் தாண்டமாட்டாள்.

என்னை அறியாமல் பாதி எழுந்துவிட்டேன். அவள் திரும்பினாள். முகம் வெளிறியிருந்தது. லேசாகத் தலையை ஆட்டினாள், வராதே என்று.

உட்கார்ந்தேன். அழுதுகொண்டு ஓடி வந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவளோ கொஞ்சம் தள்ளி நின்று கயிற்றையே பார்த்தாள். சுழற்றுபவர்களில் சின்னவள் கையை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தாள். கயிறு தொய்ந்து, குதிப்பவளின் காலில் சிக்கியது.

"ஒழுங்கா சுத்துடி!"

"கை வலிக்குது. நீயே சுத்திக்கோ, போடி!"

சின்னவள் விட்டெறிந்த கயிற்று முனையை ரேடியோ குனிந்து எடுத்தாள். மூவரும் அவளையே முறைத்தார்கள்.

"நான் சுத்தறேன்," என்றாள். குரல் பாதியில் உடைந்தது. கயிற்று முனையைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

"அப்புறம்... என்னையும் சேர்த்துக்கிறீங்களா?"