வாயில் படாத பால்

துணியைக் கடைசிச் சொட்டு வரை பிழிந்துவிட்டு, கருப்புசாமி மனைவியின் உதட்டில் ஒற்றி எடுத்தார். முதலில் மேலுதடு, பிறகு கீழுதடு, பிறகு தொங்கிப்போன வலது கடைவாய். ஈரம் இருக்க வேண்டும். சொட்டு உள்ளே இறங்கக் கூடாது. அடிக்கடி இப்படிச் செய்தால் நாக்கு வறண்டு வெடிக்காது என்று காலையில் பக்கத்துச் சித்தூரிலிருந்து வந்து பார்த்த டாக்டர் சொல்லியிருந்தார். வாய் வழியாக இனி எதுவும் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். இன்றைக்குத் தாண்டாது என்பதை மட்டும் வாசலுக்கு அழைத்துப்போய்ச் சொன்னார்.

பொன்னாத்தாள் மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் விழுந்து ஆறு நாள் ஆகிறது. அன்றே வலது கையும் காலும் விளங்காமல் போயின. அன்று முழுதும் குழறிக் குழறிப் பேசினாள். மறுநாள் அதுவும் நின்றது. பிள்ளை இல்லாத வீடு. கருப்புசாமியின் அக்கா செல்லாத்தாள் கஞ்சி காய்ச்சிக்கொண்டும், வருகிறவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டும் கூடவே இருந்தாள்.

கருப்புசாமிக்குச் சாமி இல்லை என்பது கொழிஞ்சாம்பாறைச் சந்தைக்கே தெரியும். பேரிலேயே சாமியை வைத்துக்கொண்டு இதென்ன கூத்து என்று கேலி செய்வார்கள். பேர் தன் அப்பன் வைத்தது என்று சொல்லி அவரும் சிரிப்பார். நாற்பத்தெட்டு வயதுக்குள் இந்தப் பேச்சுகளைச் சமாளிக்க அவர் சில வழிகள் பழகியிருந்தார். தேருக்கு வரி கேட்டு வந்தால், வரி இருக்கட்டும், அச்சாணி சரியாக இருக்கிறதா என்று கேட்பார். தானே போய்ச் சக்கரத்தைக் கழற்றி, தேய்ந்த இடத்தைப் பார்த்து, மசகு போட்டுவிட்டு வருவார். யாராவது வானத்தைப் பார்த்துக் கும்பிட்டு, மேலே இருப்பவன் பார்த்துக்கொள்வான் என்றால், அவர்கள் வீட்டுக் கன்றுக்குட்டியை விசாரிப்பார். கோயில் பண்டாரம் திருநீற்றுத் தட்டோடு வந்தால், "பொன்னாத்தா, வந்து வாங்கிக்க" என்று உள்ளே குரல் கொடுப்பார். அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து இரண்டு பேருக்குமாக வாங்கிக்கொள்வாள். அவர் நெற்றியைப் பார்க்கவும் மாட்டாள்.

இன்று காலை பண்டாரம் வந்தபோது, பழக்கத்தில் உள்ளே திரும்பிவிட்டார். கூப்பிட வாயெடுத்த பிறகுதான் நினைவு வந்தது. பண்டாரமே உள்ளே போய்ப் பூசிவிட்டுப் போனார்.

அது பரவாயில்லை. திருநீறு தோலுக்கு மேலேயே இருந்துவிடும். அவருக்குப் பயமெல்லாம் வாய்க்குள் போகிற பொருள்கள்மேல்தான். நேற்று அவர் கிணற்றடிக்குப் போயிருந்த நேரத்தில் செல்லாத்தாள் ஒரு கரண்டி துளசித் தண்ணீரை ஊற்றிவிட்டாள். பொன்னாத்தாளின் முகம் நீலம் பாய்ந்தது. கண் செருகியது. நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிப்பதுபோல ஒரு சத்தம் வெகுநேரம் கேட்டது. பார்த்த பெண்கள், உயிர் ஆசையில் போராடுகிறது என்றார்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகைத் தடவிக் கொடுத்தது கருப்புசாமிதான். அந்தச் சத்தம் இன்னொரு முறை அவள் நெஞ்சிலிருந்து வரக் கூடாது. இன்று அவருக்கு அது ஒன்றே வேலை.

பொள்ளாச்சி பஸ்ஸில் பொன்னாத்தாளின் அண்ணன் குப்பண்ணன் வந்து இறங்கினார். அறுபதைத் தாண்டியவர். இடது முழங்கால் பூசணிப் பிஞ்சுபோல வீங்கியிருந்தது. கையில் துணியால் வாய் கட்டிய பித்தளைச் செம்பு. விடியலில் தன் தொழுவத்து மாட்டில் கறந்து, ஒரு கொதி காய்ச்சி, பஸ் குலுக்கலில் சிந்தாமல் இருபுறமும் கால்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்த பால். பிறந்த வீட்டுப் பால் வாயில் பட்டால் போகிற உயிர் தவிக்காமல் போகும். அதற்காகத்தான் உயிர் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று செல்லாத்தாள் ஆள்மேல் ஆள் விட்டிருந்தாள்.

குப்பண்ணன் தங்கையின் தலைமாட்டில் உட்கார்ந்தார். "அம்மிணி, அண்ணன் வந்துட்டேன்" என்றார். இடது கண் இமை மட்டும் அசைந்தது. அவர் செம்பின் துணியை அவிழ்த்தார்.

"மச்சான், அது வேண்டாமுங்க" என்றார் கருப்புசாமி.

அவருக்கு எதையும் விளக்கப் பிடிக்கும். கேட்பவருக்குத் தெரிந்த பொருளை வைத்துச் சொன்னால் எதுவும் புரியும் என்பது அவருடைய நம்பிக்கை. குப்பண்ணன் ஐம்பது வருடம் காளை பூட்டிக் கவலை ஏற்றத்தில் நீர் இறைத்தவர். இறைக்கும் சாலுக்கு அடியில் தொங்கும் தும்பி என்ற தோல் குழாயை வால்கயிறு மேலே மடக்கிப் பிடித்திருப்பதால்தான் தண்ணீர் கிணற்றுக்குள் திரும்பி ஒழுகாமல் மேலே வந்து தொட்டியில் கொட்டுகிறது. வால்கயிறு அறுந்தால் காளை எவ்வளவு இழுத்தாலும் தண்ணீர் போக வேண்டிய இடத்துக்குப் போகாது. தொண்டையிலும் அப்படி ஒன்று உண்டு. விழுங்கும்போது மூச்சுக் குழாயை அது மூடிக்கொள்ளும். இவளுக்கு அது இப்போது மூடுவதில்லை. ஊற்றுகிற பால் வயிற்றுக்குப் போகாது, மூச்சுக்குள் போகும். பொறுமையாக, கையால் காட்டி, இரண்டு முறை சொன்னார்.

குப்பண்ணன் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"அன்னிக்கு அம்மன் கோயில் தூண் வேர்த்ததைப் பானை வேர்வைன்னீங்க. இன்னிக்கு என்ற தங்கச்சி தொண்டையைக் கவலைச் சாலுங்கறீங்க" என்றார். "நீங்க சொல்றது எல்லாமே சரியாத்தான் இருக்குமுங்க மாப்ள. அதுக்குன்னு வாயி நனையாம அவளை அனுப்பறதா?"

பத்து வருடத்துக்கு முந்திய கதை அது. குப்பண்ணனின் ஊரில் கல்தூண் வேர்த்தது. அம்மனுக்கே வேர்க்கிறது என்று கூட்டம் கூடி, குப்பண்ணன் நூற்றியெட்டுத் தேங்காய் உடைத்தார். குளிர்ந்த பானையின் வெளிப்பக்கம் ஏன் வேர்க்கிறதோ அதே காரணம்தான் இதற்கும் என்று, அந்தக் கூட்டத்துக்கு நடுவிலேயே, ஒரு பானையையும் கொண்டுவரச் செய்து கருப்புசாமி விளக்கினார். விளக்கம் சரியானது. மச்சான் இரண்டு வருடம் அவரோடு பேசவில்லை.

டாக்டர் சொன்னதாக இப்போது சொல்லிப் பார்த்தார். டாக்டரும் இவரைப் போல ஒரு ஆள்தானே என்று செல்லாத்தாள் கேட்டாள். நேற்றைய துளசித் தண்ணீரைச் சொல்லிப் பார்த்தார். துளசியையே குற்றம் சொல்கிறான் பார் என்று வாசலில் ஒருத்தி முணுமுணுத்தாள். இதே வார்த்தைகளைப் பண்டாரம் சொல்லியிருந்தால் செம்பு எப்போதோ கீழே போயிருக்கும். சொல்கிற வாய் தன்னுடையது என்பதால், அதிலிருந்து தொண்டை என்று வந்தாலும் மூச்சுக் குழாய் என்று வந்தாலும், சாமி இல்லை என்ற ஒன்றுதான் அவர்கள் காதில் விழுகிறது. கருப்புசாமிக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. எல்லாரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடலாம்போல இருந்தது.

குப்பண்ணன் வெள்ளிச் சங்கடையில் பாலை ஊற்றிக்கொண்டார். பொன்னாத்தாள் குழந்தையாக இருந்தபோது பால் குடித்த சங்கடை. அதையும் மடியில் முடிந்து கொண்டுவந்திருந்தார். சங்கடையின் மூக்கு அவள் உதட்டுக்குக் கிட்டப் போனது. கருப்புசாமி அவர் மணிக்கட்டைப் பிடித்தார். கிழவரின் கண்ணிலிருந்து நீர் தாரையாக வழிந்தது. ஆனால் கை பின்வாங்கவில்லை.

"உடுங்க மாப்ள. என்ற தங்கச்சி இவ. கையெடுத்துக் கும்பிடறேன், உடுங்க."

"அவ நேர்ந்திருக்கறாளுங்க" என்றார் கருப்புசாமி.

எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. நிறுத்தினால் சரிந்துவிடும் என்று தோன்றியதால் மேலும் சொன்னார். "பேச்சு நிக்கறதுக்கு முந்தி எங்கிட்டச் சொன்னா. பழனிக்கு நடந்து வாறேன், மலையேறிக் கும்பிடற வரைக்கும் வாயில ஒரு சொட்டுப் படாதுன்னு."

செல்லாத்தாளின் கைகள் தாமாகத் தலைக்கு மேலே போய்க் குவிந்தன. குப்பண்ணன் சங்கடையில் இருந்த பாலைச் செம்பிலேயே திருப்பி ஊற்றித் துணியைக் கட்டினார்.

"அதை மொதல்லயே சொல்றதில்லீங்களா மாப்ள" என்றார். குரலில் கோபமே இல்லை.

கருப்புசாமி பொன்னாத்தாளைப் பார்த்தார். அந்த இடது கண் திறந்திருந்தது. இருபத்தாறு வருடத்தில் அவர் அவளிடம் ஒரு பொய் சொன்னதில்லை. அவளும் அவர் நம்பாத ஒன்றைச் சொல்லும்படி கேட்டதில்லை. காதில் விழுந்ததா, புரிந்ததா, அவருக்குத் தெரியவில்லை. கண் மெதுவாக மூடிக்கொண்டது.

உச்சி வெயில் சாய்ந்தபோது மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டது. அண்ணன் பாதத்தைப் பிடித்திருந்தார். கருப்புசாமி துணியை நனைத்துப் பிழிந்து ஒற்றினார். அடுத்த மூச்சு வரவில்லை. இருமல் இல்லை, அந்தச் சத்தம் இல்லை.

பாடை கட்டுவதற்குள் வேண்டுதல் பேச்சு தெரு முழுக்கப் பரவியிருந்தது. எந்தக் கிழமை நேர்ந்தாள், கிழக்கே பார்த்தா சொன்னாள், மஞ்சள் துணியில் காசு முடிந்தாளா என்று ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள். எதையும் விளக்கத் தெரிந்த மனிதர், நடக்காத ஒன்றுக்கு விளக்கம் தேடித் தடுமாறினார். கடைசியில் அவருக்கும் நல்ல புத்தி வந்துவிட்டது என்று பண்டாரம் தோளைத் தட்டினார். மாடு கன்றை விசாரிக்கக்கூட அவருக்கு வாய் வரவில்லை.

குளிப்பாட்டிக் கோடித் துணி போர்த்தி, வாய்க்கரிசிக்குத் தட்டு வந்தது. பிறந்த வீடுதான் முதலில். குப்பண்ணன் அரிசியை அள்ளி வாயருகே கொண்டுபோய், நிறுத்தி, மார்மேல் வைத்தார். அடுத்து வந்தவர்களும் மார்மேலேயே வைத்தார்கள். பால் செம்பு கட்டிய துணியோடு மூலையில் இருந்தது.

இனி மூச்சு இல்லை. இனி எதுவும் எங்கேயும் போகாது. கருப்புசாமி செம்பை எடுத்துவந்து மச்சானிடம் நீட்டினார்.

"இப்ப ஊத்துங்க மச்சான். ஒண்ணும் ஆகாதுங்க."

"ஆகாதுன்னு நீங்க சொன்னாப் போதுமுங்களா? வேண்டுதல் முடியலையே."

"அவளே போயிட்டாளுங்களே."

"வாக்குப் போகலீங்க."

"தம்பி, மறுபடியும் ஆரம்பிச்சுட்டயா?" என்றாள் செல்லாத்தாள்.

கருப்புசாமி செம்பைப் பிடித்தபடி நின்றார். ஒரே ஒரு வாக்கியம் போதும். நான் சொன்னது பொய் என்று சொன்னால் போதும். மச்சானின் முகத்தைப் பார்த்தார். தங்கைக்கு ஒரு சொட்டுப் பால் கொடுக்க முடியாத முகம். ஆனாலும் தங்கை இவ்வளவு பெரிய வேண்டுதல் நேர்ந்திருக்கிறாள் என்பதில் எங்கோ நிமிர்ந்திருந்தது. செம்பைக் கீழே வைத்தார்.

ஆற்றங்கரையில் எல்லாம் முடிந்து குளித்துக் கரையேறும்போது வெயில் இன்னும் இருந்தது. குப்பண்ணன் ஈர வேட்டியோடு ஒரு கல்மேல் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டார். கல்லருகே அவருடைய தோல் செருப்புகள் கிடந்தன.

"தீட்டுக் கழிஞ்சதும் பொறப்படறேன். அவ நடையை நான் நடந்து போடறனுங்க" என்றார். "மலையிலிருந்து வந்து இங்க அவ பேரைச் சொல்லிப் பாலை ஊத்திக்கறேன். அதுவரைக்கும் காலுக்குச் செருப்பு வேண்டாம்."

பழனி இங்கிருந்து மூன்று நாள் நடை. அந்த முழங்காலுக்கு ஐந்து நாள். வீக்கம் எதனால் வருகிறது, நடந்தால் உள்ளே என்ன ஆகும் என்று கருப்புசாமிக்கு நன்றாகத் தெரியும்.

"மச்சான்" என்றார்.

"சொல்லுங்க மாப்ள."

சொல்லவில்லை. குப்பண்ணன் எழுந்து, சரளைக்கல் பாதையில் ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். கருப்புசாமி குனிந்து அந்தச் செருப்புகளை எடுத்து, மணலைத் தட்டி, அக்குளில் இடுக்கிக்கொண்டு, அவர் நடைக்குத் தன் நடையைக் குறைத்துப் பின்னால் போனார்.