தடுப்பாட்டக்காரனின் தலை

கோல் போடுகிறவனுக்கு ஒரே நாளில் பெயர் வந்துவிடும். கோலைத் தடுக்கிறவனுக்குப் பெயர் வரவேண்டுமென்றால் அவன் எதையாவது கோட்டைவிட வேண்டும். அன்றைக்கு அரங்கமே அவன் பெயரைச் சொல்லும், கூடவே அவனைப் பெற்றவளையும் இழுத்துச் சொல்லும். இந்த அநியாயத்துக்குத் தலையாட்டிவிட்டுத்தான் அவன் பதினான்கு சீசனாகத் தொழில்முறைக் கால்பந்தில் பின்வரிசையில் நின்றான். கூட ஆடுகிறவர்கள் அவனுக்கு வைத்த பெயர் பூட்டு. காலால் இவனைத் தாண்ட முடியாது என்று தெரிந்ததும் எதிரணிக்காரர்கள் பந்தை உயரத் தூக்கியடித்தார்கள். அதையும் இவன் விடவில்லை, எகிறி எகிறித் தலையால் முட்டித் தள்ளினான். பயிற்சியிலும் முட்டினான், ஆட்டத்திலும் முட்டினான். தலைக்குப் பந்து மட்டுமா வந்தது? முழங்கை வந்தது, கோல் கம்பம் வந்தது, சொந்த அணி கோல்கீப்பரின் முஷ்டியும் ஒருமுறை வந்து சேர்ந்தது.

ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் கிளப்பில் தலைக்கு ஒரு சோதனை வைப்பார்கள். கணினி முன்னால் உட்கார வேண்டும். திரையில் வார்த்தைகள் ஒவ்வொன்றாக வரும், கொஞ்ச நேரம் கழித்து என்னென்ன வந்தன என்று சொல்ல வேண்டும். நிறங்கள் மாறி மாறி வரும், சிவப்பு வந்தவுடன் பொத்தானை அழுத்த வேண்டும். கிடைத்த மார்க்கைக் குறித்துவைத்துக்கொள்வார்கள். நடுவில் யாருக்காவது தலையில் அடிபட்டால் திரும்பவும் அதே சோதனை. மார்க் இறங்கியிருந்தால் ஆளை உட்கார வைத்துவிடுவார்கள். அவன் இடத்தில் வந்து நிற்கிறவன் நன்றாக ஆடித் தொலைத்தால் உட்கார்ந்தவன் கதை முடிந்தது.

அதனால் ஆட்டக்காரர்கள் ஒரு திருட்டுவேலை செய்வார்கள். உடை மாற்றும் அறையில் எல்லோருக்கும் தெரியும், வெளியே யாரும் மூச்சுவிட மாட்டார்கள். சீசன் தொடங்கும்போதே, தலை நன்றாக இருக்கும்போதே, வேண்டுமென்று மந்தமாகச் செய்து வைப்பார்கள். பிற்பாடு அடிபட்டுத் தலை சுற்றினாலும் அந்த மட்டத்தை எட்டிப் பிடித்துவிடலாம் அல்லவா? ஆனால் ரொம்பவும் சொதப்பினால் கணினி காட்டிக்கொடுத்துவிடும். அளவாகச் சொதப்ப வேண்டும். அதில் பூட்டை அடித்துக்கொள்ள ஆளே இல்லை. நாலைந்து வார்த்தையை விழுங்கிவிட்டு, சிவப்பு வந்து ஒரு மூச்சு விட்ட பிறகே பொத்தானை அழுத்தி, வருஷா வருஷம் அதே சுமாரான மார்க்கோடு ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி வெளியே வருவான். கல்யாணமான புதிதில் இதை மனைவியிடம் பெருமையாகச் சொன்னான். அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

இப்போது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. போன சீசனின் கடைசி ஆட்டத்தில் எதிரணிக்கு மைதான மூலையிலிருந்து உதைக்கிற கார்னர் கிக் கிடைத்தது. யாரை ஒட்டி நிற்க வேண்டும் என்று வாரம் முழுக்க இவனுக்குச் சொல்லியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து அது நினைவுக்கு வரவில்லை. வெள்ளைச் சட்டைகள் அங்கும் இங்கும் ஓட, நடுவில் மரம்போல் நின்றான். ஒருவன் இவனுக்கு ஒரு கை தூரத்தில் நின்று சாவகாசமாகத் தலையால் முட்டிக் கோல் போட்டுவிட்டுப் போனான். கோச் கத்தியபோது, "வெயில் கண்ணுல அடிச்சிருச்சு கோச்" என்றான். அன்றைக்கு வானம் முழுக்க மேகம். கோச் மேலே பார்த்தார், இவனைப் பார்த்தார், திரும்பி நடந்தார்.

அதற்கப்புறம் ஒரு நாள் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரக் கிளம்பியவன், வழியில் ஒரு கடை வாசலில் காரை நிறுத்தி, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான். மனைவி போன் செய்தாள். மற்ற பிள்ளைகளெல்லாம் போய்விட்ட பள்ளிக்கூட வாசலில் மகள் வாட்ச்மேனோடு அழுதுகொண்டு நின்றிருந்தாள்.

மனைவிக்குக் கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கிற வேலை. அவளிடம் சால்ஜாப்பு செல்லாது.

"பலகையில இருக்கற எழுத்த மனப்பாடம் பண்ணிட்டு வந்து கண்ணு நல்லா தெரியுதுன்னு சொல்ற ஆளுங்கள நான் தினம் பாக்கறேன்" என்றாள். "இந்தத் தடவை சோதனைய ஒழுங்கா பண்ணுங்க. மார்க் ஏறி வந்துச்சுன்னா நான் வாயே திறக்க மாட்டேன். வரலேன்னா நிறுத்திடுங்க."

"இன்னும் ஒரே ஒரு சீசன். கிளப்பே தர்றேன்னு சொல்லுது."

"ஆடி முடிச்சிட்டு வந்து நீ யாருன்னு என்னையே கேப்பீங்க."

பந்து தவிர வேறொன்றும் தெரியாதவன் அவன். நிறுத்திவிட்டு என்ன செய்வது? ஆனாலும் சத்தியம் செய்துகொடுத்தான். தலைக்கு ஒன்றுமில்லை என்று நிரூபித்துக் காட்டிவிட்டால் தீர்ந்தது என்று ஒரு நம்பிக்கை.

கிளப் டாக்டரம்மாவின் அறையில் ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு மின்விசிறி. இவன் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டான். முதல்முறையாக உண்மையாகவே முயன்றான். ஒவ்வொரு வார்த்தையையும் உதட்டுக்குள் சொல்லிச் சொல்லி உருப்போட்டான். திருப்பிச் சொல்லும் நேரம் வந்தபோது பாதிக்கு மேல் காணவில்லை. இப்போதுதான் இருந்தன, எங்கே போய்த் தொலைந்தன? சிவப்பு வந்தது கண்ணுக்குத் தெரிந்தது, விரலுக்குத் தெரியவில்லை. மின்விசிறிக்குக் கீழேயே முதுகு நனைந்துவிட்டது.

டாக்டரம்மா திரையைப் பார்த்து முகம் மலர்ந்தார். "அட! போன வருஷம் வாங்கின மார்க் அப்படியே இருக்கு. உங்க வயசுல இது பெரிய விஷயம் தெரியுமா? பூட்டுன்னா பூட்டுதான். தாராளமா ஆடுங்க."

போன வருஷம் நடந்துபோய் நின்ற இடம் அது. இந்த வருஷம் தலைதெறிக்க ஓடியும் அங்கேதான் வந்து நிற்கிறான். டாக்டரம்மாவுக்கு அது தெரியாது, கணினிக்கும் தெரியாது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். சொன்னால் பழைய மார்க் எல்லாமே பொய் என்றாகும், கூட ஆடுகிற அத்தனை பேரின் குட்டும் வெளிப்படும், இந்த நாற்காலியிலேயே தன் ஆட்டமும் முடியும். "தேங்க்ஸ் மேடம்" என்று எழுந்து வந்துவிட்டான். வெளியே தன் முறைக்காகக் காத்திருந்த கோல்கீப்பர், "என்னடா, நல்லா சொதப்பியாச்சா?" என்று கண்ணடித்தான். "ஆச்சு ஆச்சு" என்றான் இவன்.

மனைவி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். "என்ன சொன்னாங்க?"

"போன வருஷம் மாதிரியே இருக்காம். எதுவும் மாறலையாம்."

அவள் கை நின்றது. "நீங்க ஒழுங்காத்தானே பண்ணீங்க?"

ஆமாம் என்றால் ஆட்டம் முடிந்தது. இல்லை என்றால் வசவோடு போகும். மைதானத்தில் இடமா வலமா என்று கண்ணிமைக்கிற நேரத்தில் முடிவெடுத்துப் பழகியவன், இங்கேயும் எடுத்தான்.

"இல்ல. கை பழகிப் போச்சு. எப்பவும்போல சொதப்பி வச்சிட்டேன்."

கையிலிருந்த துண்டு அவன் முகத்தில் வந்து விழுந்தது. "மனுஷனா நீங்க? சத்தியம் பண்ணிட்டுப் போனீங்களே! உங்கள நம்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!" குரல் ஏறிக்கொண்டே போய் நடுவில் உடைந்தது. பார்த்தால் அவள் அழுகிறாள், அழுதுகொண்டே சிரிக்கிறாள். எழுந்து வந்து அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்து நெற்றியை அவன் நெஞ்சில் முட்டினாள். "கேடி. பக்கா கேடி. இவ்வளவு கணக்கா ஏமாத்தணும்னா மூளை வேணுமே! அப்ப தலைக்கு ஒண்ணும் இல்லதானே? நான் எவ்வளவு பயந்துட்டேன் தெரியுமா? குளிக்கற அறையில தண்ணியத் திறந்துவிட்டுட்டு அழுதிருக்கேன், உங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னு."

வசவுக்கு அவன் தயாராக இருந்தான். இந்தச் சந்தோஷத்துக்குத் தயாராக இல்லை. இவ்வளவு மாதமாக அவள் தனியாக அழுதிருக்கிறாள், இப்போது அவன் சொன்ன பொய்யைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆறுதலடைகிறாள். அவமானத்தில் அவனுக்குக் காது சுட்டது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "சரி, எந்தெந்த வார்த்தைய முழுங்கினீங்க? எனக்காவது சொல்லுங்க, சாரோட திறமைய நானும் தெரிஞ்சுக்கறேன்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு இன்னும் அதில் இருந்தது.

"எதையும் முழுங்கல" என்றான். "தெரிஞ்சத எல்லாம் சொல்லிட்டேன்."

சிரிப்பு போவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சட்டையைப் பிடித்திருந்த கைகளை அவள் எடுக்கவில்லை, இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.