சாப்பாட்டு வேளைக் கோழி

சுகிர்தா, கலியன் மேஸ்திரிக்குத் தர வேண்டியது இரண்டாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய். மகள் காய்ச்சலில் கிடந்தபோது வாங்கிய கைமாத்து. கும்மிடிப்பூண்டியில் அவள் பழைய இரும்பு பிரிக்கும் யார்டில், மேஸ்திரிக்குப் பாக்கி வைத்தவர்கள் சாப்பாட்டு வேளையில் அவன் டிபன் பாக்ஸைக் கழுவித் தர வேண்டும். அப்படி யாரும் சட்டம் போடவில்லை. பாக்கி இருந்தால் கை தானாகவே நீளும்.

சுகிர்தாவும் மாசக்கணக்கில் கழுவினாள். அப்புறம் கிரேன் ஓட்டும் சாம்சன் அவள் போனில் ஒரு கேமை ஏற்றிக் கொடுத்தான். அந்தக் காலத்து வீடியோ கேம் மாதிரி, கட்டம் கட்டமாக அடுக்கிச் செய்த ஒரு சின்னக் கோழி. கண் ஒரு கட்டம், அலகு ஒரு கட்டம். முள்ளைத் தாண்டி, பள்ளத்தைத் தாண்டிக் கூரைக்குப் போய்ச் சேர்ந்தால் ஆட்டம் முடிந்தது. சாப்பிட்ட கை காய்வதற்குள் ஆடிவிடலாம். காசு கேட்காது. விழுந்தால் அடுத்த நொடியே கோழி எழுந்து நிற்கும். ஏன் விழுந்தாய் என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். அது அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

அன்றைக்குக் கோழி கடைசிப் பள்ளத்துக்கு வந்திருந்தது. எச்சில் டிபன் பாக்ஸோடு கலியன் எதிரில் வந்து நின்றான். அவள் நிமிரவில்லை.

"கடன வெச்சிக்கினு கேம் ஆடுறியே, உனுக்கே நல்லா கீதா?"

"நல்லா கீதுணா. அதான் ஆடுறேன்."

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஞானம்மா சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்தாள். கோழி பள்ளத்தில் விழுந்தது. சுகிர்தா மறுபடி ஆரம்பித்தாள். கலியன் நின்றுகொண்டே இருந்தான். கோழி கூரையேறிய பிறகுதான் அவள் போனை இடுப்பில் செருகினாள். பாக்ஸை அவன் நீட்டினான், அவள் வாங்கவில்லை. அப்படியானால் சனிக்கிழமை மொத்தப் பணமும் வந்தாகணும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

சனிக்கிழமை அவள் வாரக் கூலி இரண்டாயிரத்து எழுநூறு. கூலி கொடுப்பதும் மேஸ்திரிதான். பாக்கியை முழுசாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். கலியனுக்கு முகம் மாறியது. அவசரம் இல்லை, மாசாமாசம் ஐநூறு தந்தால் போதும், பழகினவளாச்சே என்று இறங்கி வந்தான். அவளுக்குப் புரிந்தது. அவனுக்கு வேண்டியது பணமில்லை, பாக்கி.

"மொத்தமா புடிச்சிக்கோணா."

"வாரம் பூரா இன்னா துன்னுவ?"

"அது என் பேஜாரு. இனிமே சாப்பாட்டு டைம் என்து. நான் ஆடுவேன், தூங்குவேன், சும்மா குந்திக்கினு இருப்பேன்."

கூலி வாங்க நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். கலியன் ஒரே ஒரு ஐம்பது ரூபாய்த் தாளை எடுத்து மேசைமேல் போட்டான். அவள் தொடவில்லை.

"மொதல்ல கடன் நோட்டுல என் பேர அடி."

அவன் பேனாவைத் தேடினான். சட்டைப்பையில்தான் இருந்தது. நோட்டைத் திறந்து சுகிர்தா என்ற பேரின் மேல் கோடு இழுத்தான். கோடு முழுசாக விழுந்ததைப் பார்த்துவிட்டு அவள் ஐம்பது ரூபாயை எடுத்துக்கொண்டாள்.