பலிப் பாத்திரத்தில் ஒரு மடக்கு

“கானாவூர் கலியாணத்துல ஏசு தண்ணிய மாத்தி இன்னாத்த ஊத்துனாரு? மோரா? ஆறு ஜாடிடா, ஆறு! அதுவும் வாய் வரிக்கும் ரொப்பி!”

“அது புளிக்காத சாறு அத்தே. வேதத்த ஒயுங்கா படிச்சா தெரியும்.”

“ஆமாண்டா, புளிக்காத சாறக் குடிச்சிட்டுத்தான் பந்திக்காரன் அம்மாம் புகழ்ந்தானா? நீ வியாசர்பாடிச் சபைக்குக் கைதட்டப் போறதுக்கு முன்னாடி உனுக்கு ஞானஸ்நானம் குடுத்த கோயிலுடா இது. எனுக்கு வேதம் சொல்ல வந்துட்டாரு தொர!”

ஃப்ளோரன்ஸ் அம்மாள் சண்டை போடும்போது கதவைச் சாத்த மாட்டாள். சாத்தினால் அவளுக்கு மூச்சு முட்டும், எங்களுக்கும்தான். ராயபுரத்தில் எங்கள் சந்தின் அகலம் அப்படி. அந்த வீட்டில் மீன் உரசினால் இந்த வீட்டில் செதில் விழும். ஆகவே நான் ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். ஏற்கெனவே கல் பொறுக்கிய அரிசிதான். இன்னொரு தரம் பார்த்தால் குற்றமா?

விஷயம் இது. ஃப்ளோரன்ஸ் அம்மாளின் ஒரே மகன் கஸ்பாருக்கும், இப்போது அவளோடு மல்லுக்கு நிற்கும் பின்சந்து ஹென்றியின் தங்கை ஐரீனுக்கும் கல்யாணம் நிச்சயமாகி, கோயிலில் ஞாயிறுதோறும் மூன்று தரம் அறிவிக்கிற கல்யாண ஓலையில் இரண்டு வாசித்தாயிற்று. மூன்றாவது ஓலைக்கு முன்னால் ஐரீன் ஒன்று கேட்டாள். நகை கேட்கவில்லை, தனிக்குடித்தனம் கேட்கவில்லை. கல்யாணப் பூசையில் கஸ்பார் பலிப் பாத்திரத்திலிருந்து திராட்சை ரசம் குடிக்க வேண்டாம், நன்மை என்கிற நற்கருணை வாங்கும்போது அப்பம் மட்டும் வாங்கட்டும் என்றாள். அதற்குத்தான் இந்தக் கூச்சல்.

எங்கள் காலத்தில் அந்தப் பாத்திரம் சாமியாரைத் தாண்டி யார் வாய்க்கும் போனதில்லை. நாங்களெல்லாம் நாக்கை நீட்டி அப்பத்தை வாங்கிக்கொண்டு எழுந்து வந்தவர்கள். பிறகு ரோமாபுரியில் சங்கம் கூடிப் பேசினார்கள். பூசை தமிழுக்கு வந்தது, பீடம் ஜனங்கள் பக்கம் திரும்பியது, கல்யாணத்தன்று மாப்பிள்ளையும் பெண்ணும் பாத்திரத்திலிருந்தும் அருந்தலாம் என்று அனுமதியும் வந்தது. ரோமாபுரி அனுமதி என்றுதான் சொன்னது. எங்கள் சந்து அதைப் பரீட்சையாக்கிவிட்டது. பாத்திரம் வாங்காத ஜோடி ஒழுங்காகப் பாவசங்கீர்த்தனம் பண்ணவில்லை; பண்ணவில்லையென்றால் சாமியாரிடம் சொல்ல முடியாதது ஏதோ இருக்கிறது; சொல்ல முடியாதது என்றால் பெண்ணின் வயிற்றைப் பார். இரண்டு வருஷம் முன்பு தொண்டைப் புண்ணோடு மணவறைக்கு வந்து பாத்திரத்தை வேண்டாம் என்ற பெண்ணுக்கு நாங்கள் மாதக்கணக்கு வைத்திருந்தோம். கல்யாணம் முடிந்து ஒரு வருஷம் கழித்துப் பிள்ளை பெற்று எங்களை ஏமாற்றிவிட்டாள்.

ஆகவே ஃப்ளோரன்ஸ் அம்மாளின் பயத்தில் நியாயம் இருந்தது.

ஐரீனின் பயத்திலும் இருந்தது. கஸ்பார் துறைமுகத்தில் கப்பல் மூட்டைகளை ஏற்றி இறக்கும் விஞ்ச் ஓட்டுகிறவன். குடிக்காத கஸ்பாரைப் போல் ஒரு பிள்ளையை ராயபுரத்தில் தேடினாலும் கிடைக்காது. குடித்த கஸ்பாரைப் பெற்ற தாயே வீட்டுக்குள் விட மாட்டாள். மதுவிலக்கு இருந்த காலத்திலேயே அவனுக்கு எப்படியோ கிடைத்துக்கொண்டிருந்தது. கிடைக்காத ஒரு நாள் தச்சுப் பட்டறை வார்னிஷை ஊற்றிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் கண் தெரியாமல் கிடந்தான். பார்வை திரும்பியதும் பீடத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று, கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியம் போட்டுக்கொண்டு, இனி ஒரு சொட்டுத் தொடமாட்டேன் என்று மாதாவுக்கு வாக்குக் கொடுத்தான். காப்பாற்றவும் செய்தான். அதைப் பார்த்துத்தான் ஐரீன் சம்மதித்தாள். எழுபத்தொன்றில் அரசாங்கமே கடையைத் திறந்த பிறகு, துறைமுக வாசலிலிருந்து எங்கள் சந்து வருவதற்குள் இரண்டு சாராயக் கடைகள். அந்த இரண்டு இடத்திலும் கஸ்பார் சைக்கிளில் எழும்பி நின்று மிதிப்பான். பின்னால் நாய் துரத்துகிற மாதிரி இருக்கும்.

“எனுக்கு ஒண்ணும் தெரியாது அத்தே,” என்றாள் ஐரீன். அவள் குரல் உயராது. அதனால் நான் அரிசி பொறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டேன். “சாறா, ரசமான்னு நீங்களும் அண்ணனும் பேசி முடிச்சிக்கங்க. அது உள்ள போனா இவரு அதோட நிப்பாரா? அத்த மட்டும் சொல்லுங்க.”

“அடிப்பாவி, அது ஆண்டவரோட ரத்தம்டி! சாமியாரு வார்த்த சொன்ன அப்பால அதுல ரசம் ஏது? ரத்தத்தக் குடிச்சி எவனுக்குனா போத ஏறுமா?”

“வாசன மாறுதா அத்தே?”

ஃப்ளோரன்ஸ் அம்மாள் முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள்.

ஹென்றி விடுவானா? அல்லேலூயா சபையில் சேர்ந்ததிலிருந்து அவனுக்கு அடுத்தவர் பேச்சைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கப் பிடிக்காது. “ஒரு சொட்டுன்னாலும் சாத்தானுக்குத் தொறந்த கதவுதான். பாத்திரத்துல இருந்தா இன்னா, கிளாஸ்ல இருந்தா இன்னா?” என்றான்.

“தோ, பலிப் பாத்திரத்தையும் சாராயக் கிளாசையும் ஒண்ணா வெக்கிறான் பாரு! உன் வாய்ல புயு வெக்க!”

மீன் கூடையோடு வந்த செல்லம்மா வாசலில் நின்றாள். அவளுக்கு மாரியாத்தா கோயில். இந்த வழக்கில் எந்தக் கட்சியும் இல்லை. “ஏன்மே, ஆளாளுக்குக் கூவிகினு கீறீங்க. வாயி அந்தப் புள்ளையோடதுதானே? கஸ்பாரு நைனா, நீ இன்னாப்பா சொல்ற?”

கஸ்பார் மூலையில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். டயர் எப்போதோ நிறைந்துவிட்டது.

“எனுக்கு பயமா கீது எக்கா,” என்றான்.

மறுநாள் சாயங்காலம் அவனும் ஐரீனும் லியோனார்ட் சாமியாரைப் பார்க்கப் போனார்கள். எனக்கும் அன்றைக்கு மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டியிருந்தது. மாதா கெபிக்குப் பக்கத்தில் அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். திரி நனைந்திருந்ததால் பற்றவைக்க எனக்கு நேரமாயிற்று.

“சாமி, மாதாவுக்குக் குடுத்த வாக்குல இதுவும் சேருமா?” என்று கஸ்பார் கேட்டான்.

சாமியார் சின்ன வயசுக்காரர், மீசை கூடச் சரியாக முளைக்கவில்லை என்று நாங்கள் சிரிப்போம். அன்று அவர் அவசரப்படவில்லை. “சேராதுப்பா. குடிக்கிறதே பாவம்னு நம்ம திருச்சபை சொல்லல, குடிச்சு வெறிக்கிறதுதான் பாவம். ஆனா சில பேருக்கு அந்த ரெண்டுக்கும் நடுவுல நிக்கிறதுக்கு இடமே இல்ல. வாக்குல சேராதுன்னு எனக்குத் தெரியும், உன் தொண்டைக்குத் தெரியுமா?”

கஸ்பார் கழுத்து உத்தரியத்தைப் பிடித்துக்கொண்டான்.

“அப்பத்துலயே ஆண்டவர் முழுசா இருக்கார். ஒரு குறையும் கிடையாது. பாத்திரத்த நான் பீடத்துலயே வச்சிடறேன். நீங்க ரெண்டு பேரும் நிம்மதியாப் போங்க.”

திரும்பி வரும்போது ஐரீன் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அதற்குப் பிறகு அவளிடம் பார்த்ததில்லை.

பொங்கல் கழிந்து கல்யாணம். ஐரீனுக்கு வெள்ளைச் சேலை, தலையில் முக்காட்டு வலை. கஸ்பாருக்கு இரவல் கோட்டு, தோளில் கொஞ்சம் பெரிசு. பூசை நல்லபடியாகப் போயிற்று. சாமியார் இருவர் நாக்கிலும் அப்பத்தை வைத்தார். பாத்திரத்தை எடுக்காமல் பீடத்தருகே போய் நின்றார்.

பெண்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு. தலைகள் ஒன்றோடொன்று சாய்ந்தன.

“குடுக்கல, பாத்தியா?”

“சாமியாரே குடுக்கலன்னா இன்னா அர்த்தம்?”

“அதான் அவசரமா மூணு ஓல வாசிச்சானுங்களா? எத்தினியாவது மாசமாம்?”

மெதுவாகத்தான் சொன்னார்கள். ஆனால் கோயில் கூரை உயரம். மெதுவாகச் சொன்னது அங்கே சுற்றி வரும். ஐரீனுக்கும் கேட்டிருக்கும். அவள் திரும்பவில்லை, கைகூப்பியபடி அசையாமல் இருந்தாள்.

கஸ்பார்தான் திரும்பினான். எங்கள் வரிசை முழுவதையும் ஒரு பார்வை பார்த்தான். எங்கள் கண்களெல்லாம் எங்கே நின்றன என்பது அவனுக்குத் தெரிந்தது. பிறகு ஐரீனைப் பார்த்தான்.

“சாமி,” என்றான், எல்லாருக்கும் கேட்கும்படி. “பாத்திரம் எங்க ரெண்டு பேருக்கும் குடுங்க.”

ஐரீன் அவன் கோட்டுக் கையைப் பிடித்தாள். “வேணாம். அவங்க பேசிட்டுப் போறாங்க. வேணாம்.”

“உன்னப் பேசுறாங்கடி,” என்றான்.

சாமியார் பாத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தயங்கினார். முழுக் கோயிலும் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கல்யாண மாப்பிள்ளை வாய்விட்டுக் கேட்கிறான். இல்லை என்று சொன்னால் அந்தப் பெண்ணின் பெயர் அதோடு போயிற்று என்று அவருக்கும் தெரியாதா? கொண்டுவந்தார். “உதடு நனைஞ்சாப் போதும்ப்பா,” என்று அவர் சொன்னதாக முன்வரிசைக்காரர்கள் பிற்பாடு சொன்னார்கள். எனக்குத் தெரிந்தது கஸ்பாரின் குரல்வளைதான். அது ஏறி இறங்கியது. இன்னொரு தரமும் ஏறி இறங்கியது. சாமியார்தான் பாத்திரத்தை மெல்ல இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஃப்ளோரன்ஸ் அம்மாள் பூரித்துப்போய் அழுதாள்.

பந்தியில் பன்னீர் சோடாவும் கேக்கும் பிரியாணியும். கஸ்பார் சோடாதான் குடித்தான். மறுநாளும் ஒன்றுமில்லை, மறுவாரமும் ஒன்றுமில்லை. ஃப்ளோரன்ஸ் அம்மாள் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு வெற்றி விழா நடத்தினாள். “நான் சொல்லல? ரத்தம்! ஆண்டவரோட ரத்தம் எவனக் கெடுக்கும்? அந்த அல்லேலூயாக்காரன் இப்ப எங்க கீறான், கூப்டு!”

ஐரீன் மட்டும் வேலை முடிந்து அவன் வரும் நேரத்துக்குச் சந்து முனையில் போய் நிற்க ஆரம்பித்தாள். புதுப்பெண்டாட்டி ஆசை என்று நாங்கள் கேலி பண்ணினோம்.

ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் தொடங்கிய வாரம், நெற்றியில் சாம்பல் வாங்கிய இரண்டொரு நாளில், கஸ்பார் சைக்கிளை மிதிக்காமல் உருட்டிக்கொண்டு வந்தான். பட்டப்பகலில். சந்து முனையில் நின்றிருந்த ஐரீன் சைக்கிளை வாங்கிக்கொண்டு பின்னாலேயே நடந்து வந்தாள்.

தாய்தான் கத்தினாள். “மாதாவுக்கு வாக்குக் குடுத்தியேடா கஸ்மாலம்!”

“ஒடச்சது நானாம்மா? பீடத்துல குடிச்சேன். நீ முன்னால குந்திகினு அய்துகினே பாத்த. அன்னிக்கு ரத்தம், இன்னிக்கு மட்டும் சாராயமா? எனுக்கு ரெண்டும் ஒரே வாசனதாம்மா. அன்னிலேந்து மூக்கவுட்டுப் போவ மாட்டேங்குது.”

அதற்குப் பிறகு ஃப்ளோரன்ஸ் அம்மாளால் அவனைத் திட்ட முடியவில்லை.  அந்த வீட்டிலிருந்து சத்தமே இல்லாமல் போனதில் சந்துக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

ஹென்றி வேதத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தான். “நான் அன்னிக்கே சொன்னேன்ல?”

“சொன்ன,” என்றாள் ஐரீன். “சந்தோஷமா? காப்பி குடிச்சிட்டுப் போ.”

அப்புறம் நடந்ததெல்லாம் எங்கள் பக்கத்தில் புதிதல்ல. ஒரு நாள் கஸ்பார் இறக்கிய மூட்டைக் கட்டு வலையோடு தளத்தில் விழுந்தது. கீழே நின்றவன் ஒரு முழம் தள்ளி நின்றதால் பிழைத்தான். கஸ்பாரை விஞ்சிலிருந்து இறக்கினார்கள், பிறகு வேலையிலிருந்தும். ஐரீன் திருவொற்றியூரில் ஒரு பட்டறைக்குப் பெட்டி ஒட்டப் போனாள். லியோனார்ட் சாமியார் வாரந்தோறும் வந்து கஸ்பாருக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போவார். புத்தி சொல்ல மாட்டார். சொல்ல அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை போலிருக்கிறது.

சில வருஷத்தில் அரசாங்கம் மனசு மாறிக் கடைகளை மூடியது. எல்லாப் பெண்களும் மாதாவுக்கு மாலை சாத்தினார்கள், ஐரீனைத் தவிர. கடை மூடினால் இவன் எங்கே போவான் என்று அவளுக்குத் தெரியும். அதே தச்சுப் பட்டறைக்குத்தான் போனான். இந்த முறை பார்வை திரும்புகிறதா என்று பார்க்க ஆஸ்பத்திரியில் அவன் உயிரோடு இல்லை.

அடக்கத்தன்று ஃப்ளோரன்ஸ் அம்மாள் பெட்டியின் மேல் விழுந்து, “நான்தான்டா ஊட்டுனேன், நான்தான்டா,” என்று கதறினாள். ஐரீன் அவளைத் தூக்கி நிறுத்தினாள். அழவில்லை.

“நீங்க இல்ல அத்தே. அவரு எனுக்காவத்தான் வாங்குனாரு.”

ஆறுதலாகத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். கேட்டுக்கொண்டிருந்த நாங்கள் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. செல்லம்மா ஒருத்திதான் அவளைப் போய்க் கட்டிக்கொண்டாள்.

லியோனார்ட் சாமியார் தாமாகவே மாற்றல் கேட்டு, செங்கல்பட்டுப் பக்கம் ஒரு சின்னப் பங்குக்குப் போய்விட்டார். ஹென்றிக்கு மணலியில் வேலை கிடைத்தது. சபையிலேயே ரோசி என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். ஃப்ளோரன்ஸ் அம்மாளைக் கன்னியாஸ்திரிகளின் முதியோர் மடத்தில் சேர்த்தார்கள். பூசைக்குப் போகிறாளாம், நன்மை வாங்க மட்டும் எழுந்திருப்பதில்லையாம்.

ஐரீன் வியாசர்பாடியில், பெண்டாட்டியை இழந்த சண்முகவேல் என்ற ரயில்வே பிட்டரைக் கல்யாணம் செய்துகொண்டாள். ரிஜிஸ்டர் ஆபீசில்தானாம். எங்கள் சந்தில் ஒருத்தரையும் கூப்பிடவில்லை. இதைக்கூட நான் நாலு இடத்தில் விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.